நற்பெயர் யாருடைய சொத்து?

மனிதன் மறைந்தபின் அவன் விட்டுச் செல்பவை பல. வீடு, நிலம், ரொக்கம், நகை, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பாக்கி ஆகிய அனைத்தையும் கணக்கெடுத்துப் பங்கிட நம் ஷரீஅத்தில் விரிவான சட்டம் உண்டு. முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதற்கடுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, எஞ்சியது வாரிசுகளுக்கு. 'ஃபராயிள்' எனும் இக்கலையை மதரஸாக்களில் ஓதும்போது, அரைக்கால் பங்கு யாருக்கு, ஆறில் ஒன்று யாருக்கு என்று நுணுகி நுணுகி ஆராய்கிறோம். ஆயினும், இறந்தவர் விட்டுச் செல்லும் ஒன்றைப் பற்றி அந்தப் பங்கீட்டுப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. அதுதான் அவருடைய நற்பெயர்.

தந்தையின் நற்பெயர் மக்களுக்குச் சொந்தமா? சொந்தம் என்றால் அதை அவர்கள் விற்கலாமா, வாடகைக்கு விடலாமா, அதைக் காட்டிக் கடன் பெறலாமா? சொந்தமில்லை என்றால் பிறகு அது யாருடையது? வீடுதோறும் எழும் இந்த வினாவை, அண்மைக் காலத்தில் உலகறிந்த ஒரு முதியவரின் வாழ்வை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகிறோம். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆங்கிலேயர், முன்னாள் படைவீரர், குடும்பத் தலைவர். நல்லதை எங்கே கண்டாலும் அதைத் தன் தொலைந்த பொருளைப் போல் எடுத்துக்கொள்பவனே மூமின் என்று நம் முன்னோர் கற்பித்திருக்கிறார்கள். எச்சரிக்கையையும் அவ்வாறே எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

போர்வீரர்

தாமஸ் மூர் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கீத்லி என்னும் ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1940இல், இருபது வயதில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். பின்னர் அதிகாரியாகித் தம் படைப்பிரிவோடு கப்பலேறி இந்தியா வந்தார். மோட்டார் சைக்கிளில் இளமை முதலே ஈடுபாடு கொண்டிருந்த அவரிடம், படையினருக்கு அவ்வண்டி ஓட்டப் பயிற்சியளிக்கும் பொறுப்பு பம்பாயில் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்து பர்மாவின் அரக்கான் களத்துக்குச் சென்றார். 1944இல் கேப்டன் பதவி பெற்றார்.

பர்மா என்றதும் நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய நினைவுகள் எழும். நம் ஊர்களிலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கச் சென்றவர்களில் பலர், 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, கடைகளையும் வீடுகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காடுகளையும் மலைகளையும் கால்நடையாகக் கடந்து திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். அந்த மண்ணில் போரிட்ட பதினான்காம் படையில் இந்தியச் சிப்பாய்களே பெரும்பான்மையினர். ஐரோப்பியக் களங்களுக்குக் கிடைத்த கவனம் தமக்குக் கிடைக்கவில்லை என்பதால் 'மறக்கப்பட்ட படை' என்றே அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டார்கள்.

போரில் மூர் பெற்ற பதக்கங்கள் அக்களத்தில் பணியாற்றிய பல்லாயிரவரும் பெற்றவையே. தனித்த சாகசம் எதுவும் அவர் பெயரோடு எழுதப்படவில்லை. ஆனால் ஒன்று குறிப்பிடத் தக்கது. போர் முடிந்து ஊர் திரும்பியபின், தம் பழைய படைத் தோழர்களின் ஆண்டுக் கூட்டத்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரே முன்னின்று நடத்தி வந்தார். அறுபது ஆண்டுகள் என்றால் என்ன பொருள்? ஆண்டுதோறும் அழைப்பு அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் அழைக்கப்படுவோர் பட்டியலில் சில பெயர்களை அடித்துவிட வேண்டும். எஞ்சியவரைக் கூட்டி உட்கார வைத்துப் போனவரை நினைக்க வேண்டும். போரில் ஓரிரு ஆண்டுகள் காட்டிய வீரத்தைவிட, போருக்குப் பின் அறுபது ஆண்டுகள் காத்த இந்த 'வஃபா' எனும் தோழமை விசுவாசமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

குடும்பத் தலைவர்

போருக்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வு நாம் அறிந்த எத்தனையோ பெரியவர்களின் வாழ்வைப் போன்றதே. கட்டடப் பொருள் விற்பனையாளராகவும், பின்னர் கான்கிரீட் நிறுவனமொன்றின் நிர்வாகியாகவும் உழைத்தார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. இரண்டாம் மனைவி பமீலாவோடு அமைந்த இல்வாழ்வில், ஐம்பதை ஒட்டிய வயதில், இரு பெண் மக்களுக்குத் தந்தையானார். முதுமையில் மனைவிக்கு நினைவிழப்பு நோய் வந்தது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்தது. கணவர் விடாது சென்று அவரைக் கண்டு வந்தார். அங்கே, பார்க்க வருவார் ஒருவருமின்றிக் கிடந்த மற்ற முதியவர்களின் தனிமை அவர் உள்ளத்தைத் தைத்தது. பின்னாளில் அவர் பெயரால் எழுந்த அறக்கட்டளை, முதியோர் தனிமையைப் போக்குவதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டதற்கு மூலம் இதுவே.

மனைவி 2006இல் மறைந்தார். அதன்பின் பெட்ஃபோர்ட்‌ஷயரில் ஒரு சிற்றூரில் இளைய மகளின் குடும்பத்தோடு வாழ்ந்தார். மகள், மருமகன், பேரன், பேத்தி, பாட்டனார் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது அந்நாட்டில் அரிது. அம்மகளும் மருமகனும் தந்தையைப் பத்தாண்டுகளுக்கு மேல் தம்மோடு வைத்துப் பேணினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போவது எதுவாயினும் இந்த நன்மை அழிந்துபோவதில்லை.

மனிதர்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவராக நடப்பவரே என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. தமிழறிந்தோர் இன்னொன்றையும் இங்கே நினைக்கலாம். திருவள்ளுவர் 'படைச்செருக்கு' என்று வீரரின் பெருமிதத்தைப் பொருட்பாலில் வைத்தார். 'புகழ்' என்ற அதிகாரத்தையோ அறத்துப்பாலில், இல்லறவியலின் இறுதியில், 'ஈகை'க்கு அடுத்து வைத்தார். புகழ் விளையும் நிலம் போர்க்களமன்று, வீடு. அதன் விதை கொடை. இந்த வைப்புமுறைக்கு மூரின் வாழ்வு ஒரு விளக்கம் போல் அமைந்தது.

நூறு நடை

2018இல் அவர் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் தமக்குப் பணிவிடை செய்த தாதியருக்கும் மருத்துவருக்கும் நன்றி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் இருந்தது. 2020இல் கொரோனா கொள்ளைநோய் உலகைப் பூட்டிப்போட்டது. ஏப்ரல் 6ஆம் நாள், நூறு வயது நிறைய இன்னும் இருபத்து நான்கு நாட்கள் இருக்கையில், சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நடக்கத் தொடங்கினார். இருபத்தைந்து மீட்டர் நீளத்தை நூறு முறை கடப்பது, அதன்மூலம் ஆயிரம் பவுண்டு திரட்டி அரசு மருத்துவச் சேவைக்கான தொண்டு நிதிக்குக் கொடுப்பது என்பதே திட்டம். ஏப்ரல் 16ஆம் நாள் நூறாவது நடை முடிந்தது. பிறந்த நாளன்று வசூல் முடிந்தபோது, பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்த தொகை 3 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. வாழ்த்து மடல்கள் லட்சத்துக்கு மேல் குவிந்து, அவற்றை வைக்கப் பேரனின் பள்ளிக்கூட மண்டபம் தேவைப்பட்டது. ஜூலை 17ஆம் நாள் எலிசபெத் அரசியார் வின்ட்சர் கோட்டையில் 'சர்' பட்டம் அளித்தார்.

மனிதர்க்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவனே என்ற கருத்தை நாம் நபிமொழியிலிருந்து அறிவோம். எலும்பு முறிந்த கிழவர் ஒருவர், தமக்குக் கட்டுப் போட்டவர்களுக்காக அதே கால்களால் நடந்தார். அதைக் கண்ட மக்கள் கொடுத்தார்கள். அவர்கள் கண்டது ஒரு பேச்சாளரையோ தலைவரையோ அல்ல. தம் வீட்டுப் பாட்டனாரை.

நன்மைக்கு வழிகாட்டியவர் அதைச் செய்தவரைப் போன்றவர். அவ்வழியே பின்தொடர்ந்தவர்களில் நம் சகோதரர் ஒருவரும் உண்டு. சில்ஹெட்டில் பிறந்து 1957இல் லண்டன் சென்று குடியேறிய தபீருல் இஸ்லாம் சவுத்ரி அவர்களுக்கும் அப்போது நூறு வயது. மூரின் செய்தி கேட்டு, அதே 2020ஆம் ஆண்டு ரமளானில், நோன்பு நோற்ற நிலையில், கிழக்கு லண்டனில் தம் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தைத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றி வந்தார். 4 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. அதில் ஒரு பகுதி அந்நாட்டு மருத்துவச் சேவைக்கும், எஞ்சியது பல நாடுகளில் துயருற்றோருக்கும் சென்றது. ஒரு நன்மை மற்றொரு நன்மையைப் பெறும்போது மதம் குறுக்கே நிற்பதில்லை.

மூர் 2021 பிப்ரவரி 2ஆம் நாள் கொரோனாவும் நுரையீரல் அழற்சியும் கண்டு மறைந்தார். அக்காலக் கட்டுப்பாடுகளால் குடும்பத்தார் எட்டுப் பேர் மட்டுமே இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். பெட்டியைப் படைவீரர்கள் சுமந்தனர். போர்வீரர், குடும்பத் தலைவர் என்ற இரு பெயர்களும் அன்று ஒன்றாகவே அடங்கின.

மறைந்தபின்

இனி வருவது கசப்பான பகுதி. மக்கள் கொடுத்த அப்பெருந்தொகையில் ஒரு காசும் வீணாகவில்லை. வரிச்சலுகையும் சேர்ந்து ஏறத்தாழ 3 கோடியே 89 லட்சம் பவுண்டாக அது மருத்துவத் தொண்டு நிதியைச் சென்றடைந்தது. அதைப் பற்றி எவரும் குறை கூறவில்லை. குறை எழுந்தது, 2020 ஜூனில் அவர் பெயரால் தனியே பதிவான அறக்கட்டளையைச் சுற்றித்தான். அறநிலைகளைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் நீண்ட விசாரணை நடத்தி 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மகளும் மருமகனும் அறக்கட்டளையையும் சொந்த ஆதாயத்தையும் பிரித்து வைக்கவில்லை, முறைகேடு பலமுறை நிகழ்ந்தது என்று அது முடிவு செய்தது. தந்தையின் பெயரில் வந்த நூல்களுக்கான முன்பணம் சுமார் 14 லட்சம் பவுண்டு குடும்பத்தின் சொந்த நிறுவனத்துக்குச் சென்றது; அதிலிருந்து அறக்கட்டளைக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை; நூலை வாங்கியவர்களோ தம் பணத்தில் ஒரு பங்கு அறத்துக்குப் போகிறது என்று எண்ணினார்கள். ஒரு விருது விழாவுக்காக மகளுக்கு 18,000 பவுண்டும் அறக்கட்டளைக்கு 2,000 பவுண்டும் வழங்கப்பட்டன. தந்தையின் பெயரால் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கேட்டு, வீட்டு வளாகத்தில் குளியல் தொட்டியோடு கூடிய பெரிய கட்டடம் எழுப்பப்பட்டது. அனுமதித்த அளவை அது மீறியதால் 2023இல் மேல்முறையீடும் தள்ளுபடியாகி, 2024 தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. இருவரும் அறக்கட்டளைப் பொறுப்பு வகிக்கப் பல்லாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர்கள் இம்முடிவுகளை ஏற்கவில்லை. தம்மை அநியாயமாக நடத்தினார்கள் என்றே கூறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நீதி.

பிறர் வீட்டு விவகாரத்தை இத்தனை விரிவாகப் பேசுவது புறமாகாதா என்று வாசகர் கேட்கலாம். பகிரங்கமாக விசாரிக்கப்பட்டு, பகிரங்கமாக வெளியிடப்பட்ட பொது அறத்தின் கணக்கு இது. ஆயினும் அவர்களின் உள்ளத்து நிய்யத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நம் வீட்டுக்குப் பாடம் எடுத்துக்கொள்ளவே அதிகாரமுண்டு.

உண்மையின் நாக்கு

நற்பெயர் என்பது என்ன பொருள் என்று முதலில் தெளிவோம். இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் கேட்ட துஆக்களில் ஒன்று, தமக்குப் பின்வரும் தலைமுறையினரிடையே தமக்கு நற்பெயர் நிலைக்க வேண்டும் என்பது. திருமறை அதைக் குறிக்கும் அரபுச் சொற்கள் 'லிஸான ஸித்கின்'. 'லிஸான்' என்றால் நாக்கு. 'ஸித்க்' என்றால் உண்மை. உண்மையின் நாக்கு என்பதே நேர்ப்பொருள். இச்சொல்லாட்சியில் ஆழ்ந்த கருத்து அடங்கியிருக்கிறது. நற்பெயர், இறந்தவரின் பெட்டியில் இல்லை. வாரிசின் கையிலும் இல்லை. அது பிறருடைய நாக்குகளில் இருக்கிறது. நூறு பேர் ஒருவரை நல்லவர் என்று சொல்கிறார்கள் என்றால், அந்த நூறு நாக்குகளில் ஒன்றுகூட அவருடைய மகனுக்குச் சொந்தமன்று. தன் கையில் இல்லாத பொருளை விற்பது நம் வியாபாரச் சட்டத்தில் செல்லாது. மேலும், அந்நாக்குகள் பேசுவது உண்மையாக இருக்கும்வரைதான் அது நற்பெயர். உண்மை நீங்கினால் எஞ்சுவது விளம்பரம்.

அப்படியானால் ஃபராயிளில் நற்பெயருக்குப் பங்கு சொல்லப்படாதது ஏன் என்பது விளங்குகிறது. அது 'மீராஸ்' அன்று; 'அமானத்'. சொத்து வாரிசுக்கு உரிமை தரும். அமானத்தோ கடமை தரும். சொத்தை விரும்பியபடி செலவிடலாம். அமானத்தை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும்.

இதனால், தந்தையின் நற்பெயரால் மக்கள் எந்த நன்மையும் பெறக்கூடாது என்று ஆகுமா? ஆகாது. திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் இரு யத்தீம்களின் சுவர் பற்றிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். விழவிருந்த சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். அதன் அடியில் அச்சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார் என்பதைத் திருமறை அங்கே எடுத்துச் சொல்கிறது. தந்தையின் நன்மை மக்களுக்குக் காப்பாக நின்றது. தாயீ குலத்து ஹாத்திமின் மகள் சிறைப்பட்டு மதீனா வந்தபோது, பசித்தவர்க்கு உணவளித்த தம் தந்தையின் குணங்களை எடுத்துரைத்தார். ஹாத்திமோ இஸ்லாத்துக்கு முன்னே மறைந்தவர். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நற்குணங்களை மதித்து, அம்மாதுக்கு விடுதலையும் உடையும் வழிச்செலவும் அளித்து அனுப்பினார்கள் என்று சீரத்து நூல்கள் கூறுகின்றன. அவர் தம் சகோதரர் அதீயைத் தேடிச் சென்று நல்வழி சொன்னார். அதீயும் வந்து இஸ்லாத்தைத் தழுவினார். தந்தையின் பெயரால் கிடைத்த கண்ணியத்தை மகள் நன்மையாகவே திருப்பிச் செலுத்தினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. தந்தையின் நன்மையை மதித்து மற்றவர்கள் தாமாகக் கொடுத்தது அது. மக்கள் விலை கூறி வாங்கியதன்று. நல்ல தகப்பனின் பெயர் மரத்தின் நிழல் போன்றது. நிழலில் உட்காரப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வழிப்போக்கருக்கும் உண்டு. மரத்தை வெட்டி விற்றால், விற்றவனுக்கும் நிழல் போய்விடும்.

எல்லை எங்கே?

நிழலில் உட்காருவதற்கும் மரத்தை வெட்டுவதற்கும் இடையே எல்லையை எப்படி அறிவது? நம் முன்னோர் மூன்று அளவுகோல்கள் தந்திருக்கிறார்கள்.

முதலாவது: ஜகாத்து வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் மதீனா திரும்பி, இன்னது உங்களுடையது, இன்னது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. பொறுப்பில் இருக்கும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: இந்தப் பெயர் இல்லாவிட்டால் இப்பணம் எனக்கு வந்திருக்குமா? வந்திராது என்றால் அது எனக்கு வந்த பணமன்று.

இரண்டாவது: ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கிப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பினார்கள், அது கொழுத்தபின் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்ட கலீஃபா அவர்கள், கலீஃபாவின் மகனுடைய ஒட்டகம் என்பதற்காகவே மேய்ப்பவர்கள் இதற்கு முதலில் புல்லும் தண்ணீரும் காட்டியிருப்பார்கள் என்று கூறி, முதலை மட்டும் எடுத்துக்கொண்டு இலாபத்தைப் பைத்துல்மாலில் சேர்க்கும்படி ஆணையிட்டார்கள். மகனார் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, சலுகை கேட்கவுமில்லை. பெயர் தானாகவே வேலை செய்திருக்கக் கூடும் என்ற ஐயமே போதுமாயிற்று. தந்தை உயிரோடிருந்து காத்த இந்த எல்லையை, தந்தை மறைந்தபின் மக்களே காக்க வேண்டும்.

மூன்றாவது: யத்தீமின் சொத்தைக் காப்பவர் வசதியுள்ளவராயின் அதிலிருந்து எதுவும் எடாது விலக வேண்டும், ஏழையாயின் முறைப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று திருமறை கற்பிக்கிறது. வக்ஃபைக் கவனிக்கும் முத்தவல்லி அந்த உழைப்புக்கு வழக்கமான கூலியைப் பெறலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. ஆகவே அறப்பணியில் சம்பளம் வாங்குவது குற்றமன்று. உழைப்புக்குக் கூலி வேறு. பெயருக்கு விலை வேறு. முன்னதைக் கணக்கில் எழுதலாம், கூட்டத்தில் வாசிக்கலாம். பின்னதை எழுதக் கை கூசும். கை கூசும் இடமே எல்லை.

இன்னொன்றும் சேர்த்து எண்ணத் தக்கது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அவ்வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை. மேலே காய்ந்ததை வைத்தார், அவ்வளவே. அறத்துக்கென்று மக்கள் எண்ணிக் கொடுப்பது தெரிந்தும், இது அறத்துக்கன்று என்று சொல்லாமலிருப்பதும் ஈரத்தை உள்ளே வைப்பதுதான்.

நம் வீடுகளில்

கோடிக் கணக்கில் பணம் புழங்கிய ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சி நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. ஊருக்கு உழைத்த ஒரு பெரியவர் மௌத்தானபின் நம்மிடையே நடப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். அவர் பெயரில் மதரஸா எழுகிறது. நிர்வாகம் மகன் கையில். மகனுக்குப்பின் பேரன் கையில். வரவு செலவு எவருக்கும் தெரிவதில்லை. கணக்குக் கேட்பவரிடம், எங்கள் அத்தாவின் பெயரையே சந்தேகிக்கிறீரா என்று பதில் வருகிறது. அத்தாவை எவரும் சந்தேகிக்கவில்லை. அத்தாவின் பெயரைக் கேடயமாகப் பிடித்திருக்கும் கையைத்தான் ஊர் பார்க்கிறது. இன்னார் மகன் என்று சொல்லி ஒருவர் கடன் வாங்குகிறார். கொடுத்தவர் மகனின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை, கபுறில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். அக்கடன் திரும்பாதபோது, கபுறில் இருப்பவருக்கு எழுந்து பதில் சொல்ல வழியில்லை.

பணிவிடை செய்த பிள்ளைக்கே இச்சோதனை அதிகம். வெளியூரில் இருந்தவன் அன்று, கடைசிவரை கூடவே இருந்து மருந்து கொடுத்து, கழுவித் துடைத்துவிட்டவனே, 'நான்தானே பார்த்தேன், எனக்கு உரிமையில்லையா?' என்று எண்ணத் தலைப்படுகிறான். அவ்வெண்ணம் இயல்பானது, அதனாலேயே ஆபத்தானது. மூரின் இல்லத்திலும், தந்தையைத் தாங்கிப் பேணிய வீட்டிலிருந்தே அந்தச் சோதனை பிறந்தது. பெற்றோருக்குச் செய்யும் கித்மத் மிகப் பெரிய வணக்கம். அதன் கூலி அல்லாஹ்விடம் முழுமையாக இருக்கிறது. அதை இங்கேயே தந்தையின் பெயரிலிருந்து பிடித்தம் செய்துகொள்ள முயல்வோர் பெரிய கூலியை விட்டுச் சிறிய கூலியைப் பிடிக்கிறார்கள்.

பிள்ளைகளின் குறை தந்தையைச் சேருமா? மறுமையில் சேராது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. மூர் நடந்த நடையும், அதனால் நோயாளிகள் பெற்ற பயனும் அப்படியே நிற்கின்றன. ஆனால் இவ்வுலகில் மனிதரின் நாக்குகள் அத்தனை நுட்பமாகப் பிரித்துப் பேசுவதில்லை. அவர் பெயரைச் சொன்னதும் முன்பு நடைவண்டி நினைவுக்கு வந்தது; இன்று பலருக்கு இடிக்கப்பட்ட கட்டடமும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. உயிரோடிருப்பவரின் மானத்துக்குப் பங்கம் வந்தால் அவரே வாதாடலாம், மறைந்தவரால் இயலாது. ஆகவே அவருக்காக வாதாட வேண்டிய பொறுப்பு நம்முடையது. இறந்தோரின் நற்செயல்களையே எடுத்துச் சொல்லுங்கள் என்ற போதனை இதற்காகவே. இந்த முதியவரை நாம் நினைக்கும்போது, நடந்த கால்களையும், மனைவியின் படுக்கையருகே இருந்த நாட்களையும், தோழர்களை மறவாத அறுபது ஆண்டுகளையுமே நினைப்போம்.

மனிதன் மறைந்தபின்னும் நன்மை தொடரும் வழிகளாக நிலையான தர்மமும், பயன் தரும் கல்வியும், துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் நமக்குச் சொல்லப்பட்டுள்ளன. மூன்றாவதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே பிள்ளை வாங்குபவனாக இல்லை. தந்தைக்கு அனுப்புபவனாக இருக்கிறான். நம் பெரியவர்களை நினைவுகூரும் முறையும் அவ்வாறே அமையட்டும். அவர்கள் பெயரால் ஓர் அறம் நடத்தினால், குடும்பத்துக்கு வெளியே உள்ளோர் சிலரையும் நிர்வாகத்தில் அமர்த்துவோம். ஆண்டுதோறும் கணக்கை ஜமாஅத்தின் முன் வைப்போம். சொந்த வரவையும் அறத்தின் வரவையும் ஒரே பையில் போடாதிருப்போம். அறம் நடத்த வசதியில்லாதவர், அவர்கள் விட்டுச் சென்ற கடனைத் தீர்க்கட்டும். அவர்களின் நண்பர்களைச் சென்று காணட்டும். தனிமையில் கிடக்கும் ஒரு முதியவரின் அருகே அரைமணி நேரம் அமரட்டும். தந்தையின் நண்பரோடு உறவு பேணுவது தந்தைக்குச் செய்யும் உபகாரங்களில் மேலானது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அதற்குப் பணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

நம் பெற்றோரின் நற்பெயரை அமானத்தாகக் காத்து, குறையாமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. நமக்குப் பின் நம் பெயரை எடுக்கும் நாக்குகளும் உண்மையின் நாக்குகளாக இருக்கக் கிருபை செய்வானாக. ஆமீன்.